நாலு கண் விட்டு வெட்டு: கம்பத்திலும் பர்கண்டியிலும் கவாத்துப் பழகுவது

கம்பம் பள்ளத்தாக்கில் கவாத்து வெட்டப் போனால் கழுத்து வலிக்கும். பர்கண்டியில் வெட்டப் போனால் இடுப்பு வலிக்கும். இரண்டு ஊரிலும் கத்திரி பிடித்துப் பார்த்தவன் என்பதால் உடம்பிலிருந்தே தொடங்குகிறேன். சுருளிப்பட்டியில் என் தாய்மாமன் தோட்டத்துக் கொடி தலைக்கு மேலே கிடக்கிறது. கல்தூண் நட்டு, குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி இழுத்து, ஆள் நிமிர்ந்து நடக்கிற உயரத்தில் பந்தல். காலை ஏழு மணிக்கு அண்ணாந்தால் பத்து மணிக்குக் கஞ்சி குடிக்கத்தான் தலை இறங்கும். காய்ந்த பட்டையும் செத்த இலையும் சட்டைக் காலருக்குள் விழுந்துகொண்டே இருக்கும். எறும்பு விழுந்தால் அன்றைக்கு வேலையே வேறு மாதிரி போகும். பிரான்சின் கிழக்கே பர்கண்டியிலோ கொடி முழங்கால் உயரத்தோடு நின்றுவிடுகிறது. ஜனவரிக் குளிரில், பூட்ஸுக்கு அடியில் மண் உறைந்து கிடக்க, ஒவ்வொரு செடிக்கும் குனிந்து நிமிர வேண்டும். செடிக்குச் செடி ஒரு மீட்டர்தான் இடைவெளி. எத்தனை முறை குனிந்தேன் என்று எண்ணுவதை மூன்றாம் நாளோடு விட்டுவிட்டேன்.

வேலை விஷயமாக ஒரு குளிர்காலம் அங்கே தங்க நேர்ந்தது. ஊரின் பெயர் போன். பர்கண்டியின் ஒயின் வணிகத்துக்குத் தலைநகர் மாதிரி. "போன்ல இருக்கேன் மாமா" என்றேன். "போன்லதான் பேசுற, எந்த ஊர்ல இருக்கன்னு கேட்டேன்" என்றார் அவர். அதை விளக்கவே ஐந்து நிமிடம் ஆயிற்று. சனி ஞாயிறுகளில் ஒரு சிறு தோட்டத்துக்குப் போய்க் கவாத்துப் பழக ஆரம்பித்தேன். பள்ளி விடுமுறைகளில் மாமா தோட்டத்தில் பழகிய கை, அங்கே சுலபமாக ஓடும் என்று நினைப்பு. ஓடவில்லை. பழகிய கைதான் முதலில் தப்பு செய்தது.

இரண்டையும் ஒப்பிடலாமா என்ற கேள்வி நியாயமானது. ஒன்று தட்டில் வைத்துத் தின்கிற பழம். இன்னொன்று பீப்பாய்க்குப் போகிற பழம். கம்பத்தில் பன்னீர் திராட்சை. போனைச் சுற்றிச் சிவப்புக்குப் பினோ நுவார், வெள்ளைக்கு ஷார்டனே. ஆனால் பன்னீர் திராட்சையின் பூர்வீகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். கன்னட நாட்டிலும் ஆந்திரத்திலும் அதையே குலாபி என்கிறார்கள். ரோஜா வாசனையைத்தான் அவர்களும் நாமும் ஆளுக்கொரு பெயரில் சொல்கிறோம். 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இந்தத் திராட்சையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள். 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அந்தக் கதை மறுபடி எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. பிரான்சின் தெற்கே வாந்தூ மலையடிவாரத்தில் இதே ரகம் இன்றும் மேசைப்பழமாக விளைகிறது. அங்கே அது குளிர்காலத்தில் இலையை உதிர்த்துத் தூங்குகிறது. சுருளிப்பட்டியில் ஒருநாள்கூடத் தூங்குவதில்லை. ரகம் ஒன்றாக இருந்தும் கவாத்து வேறு என்றால், வித்தியாசம் கொடியில் இல்லை, அது நிற்கிற இடத்தில் இருக்கிறது. என் ஒப்பீட்டுக்கு அது போதும்.

பர்கண்டிக் கொடியின் வருடத்தை ஆண்டவன் எழுதிக் கொடுத்துவிட்டான். நவம்பரில் இலை உதிரும். குளிர்காலம் முழுக்கக் கட்டை கட்டையாக நிற்கும். மார்ச்சில் மண் சூடேறும்போது வெட்டுவாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடியும். கொடி அழுகிறது என்பார்கள். ஏப்ரலில் கண் விடும். ஜூனில் பூ. பூவிலிருந்து ஏறத்தாழ நூறு நாளில் பறிப்பு. கவாத்துக்காரனுக்குக் கிடைப்பது அந்தத் தூக்க காலம் மட்டுமே. டிசம்பரில் வெட்டினாலும் பிப்ரவரியில் வெட்டினாலும் பழம் ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான் வரும். சீக்கிரம் வெட்டு, தாமதமாய் வெட்டு, மார்ச் வெட்டுக்கு ஈடாகாது என்று ஒரு சொலவடை அங்கே உண்டு. அது சும்மா சொன்னதல்ல. தாமதமாக வெட்டினால் கண் விடுவதும் சில நாள் தள்ளிப்போகும். ஏப்ரல் உறைபனியிலிருந்து தளிர் தப்பிக்க அந்தச் சில நாளே போதும்.

கம்பத்தில் எழுதிக் கொடுக்க யாரும் இல்லை. கொடிக்குக் குளிர்காலம் கிடையாது, முல்லைப் பெரியாறு பாயும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். பருவத்தைத் தொடங்கி வைப்பதே கத்திரிதான். வெட்டுக்கு முன்னால் தண்ணீரைக் குறைப்பார்கள், வாது முற்றிப் பழுப்பேற வேண்டும். பிறகு இருக்கிற இலையை உருவிப் போட்டு, ஒரே மூச்சில் தோட்டம் முழுவதும் வெட்டு. அன்றிலிருந்து நாள் எண்ணுவார்கள். பத்து நாள் சுமாருக்குக் கண் விடும். முப்பது நாற்பது நாளில் பூ. நூற்றிருபதாம் நாள் அளவில் பறிப்பு. வருடத்துக்கு இரண்டு போகம் சாதாரணம். விடாமல் பிடித்தால் இரண்டு வருடத்தில் ஐந்து. மகாராஷ்டிரத்துக்காரர்கள் ஏப்ரலில் ஒன்றும் அக்டோபரில் ஒன்றுமாக இரண்டு கவாத்து வெட்டி ஒரே போகம்தான் எடுக்கிறார்கள். முதல் வெட்டு கொடியைக் கட்ட, இரண்டாவது பழத்துக்கு. இந்தியக் கவாத்து என்று ஒன்று இல்லை என்பதற்கு இதைச் சொன்னேன்.

ஆகவே கம்பத்தில் கவாத்து என்பது முதலில் தேதி. மாமாவின் டைரியில் வேறு எதுவும் ஒழுங்காக இருக்காது, வெட்டுத் தேதி மட்டும் சிவப்பு மையில் இருக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் பழுத்த குலை மாட்டினால் பழம் வெடித்துவிடும். அதற்குத் தக்கபடி பின்னோக்கி எண்ண வேண்டும். பக்கத்துத் தோட்டம் எப்போது வெட்டியது என்றும் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லாரும் ஒரே வாரத்தில் வெட்டினால் எல்லார் பழமும் ஒரே வாரத்தில் கேரள வியாபாரிக்கு முன்னால் போய் நிற்கும். அப்புறம் அவர் சொன்னதுதான் விலை. டீக்கடையில் "எப்பண்ணே வெட்டு?" என்ற கேள்விக்கு மாமா ஒருநாளும் நேர்ப்பதில் சொன்னதில்லை.

போனில் தேதி ரகசியமே இல்லை. அந்த ஊரில் திராட்சை பறிப்புத் தேதிகள் 1354-இலிருந்து பதிவாகியிருக்கின்றன. ஆய்வாளர்கள் 2018 வரை அவற்றை ஒரே வரிசையாகக் கோத்து வெளியிட்டிருக்கிறார்கள். 1988-க்குப் பிறகு பறிப்பு சராசரியாகப் பதின்மூன்று நாள் முந்திவிட்டது என்பது அதில் தெரிந்த விஷயம். கொடி சீக்கிரம் விழிக்கிறது, பனி அதே ஏப்ரலில்தான் வருகிறது. 2021 ஏப்ரல் முதல் வாரத்தின் உறைபனியை அங்கே இன்னும் பேசிக்கொள்கிறார்கள். இரவெல்லாம் வரிசைகளுக்கு நடுவே மெழுகு வாளிகளைக் கொளுத்தி வைத்தும் தளிர் கருகியது. வெட்டுத் தேதியைப் பற்றி அதிகம் கவலைப்படாதிருந்த கவாத்துக்காரர்கள் இப்போது தேதியைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்திருக்கிறார்கள். அந்த வகையில் கம்பத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்திருக்கிறார்கள் என்று சொல்லலாம்.

இனி கைக்கு வருவோம்.

எனக்குக் கவாத்து சொல்லிக் கொடுத்தவர் மாமா இல்லை; வெட்டுக்கு வருகிற குழுவில் மூத்தவர். எல்லாரும் அவரை அண்ணே என்பார்கள், அறுபது வயதுக்காரர் உட்பட. அவர் பாடம் ஒரே வரி. "நாலு கண்ணு விட்டு வெட்டு தம்பி." பென்சில் பருமனில், பழுப்பேறிய வாது ஒன்றைப் பிடித்து, விரலை அடியிலிருந்து நகர்த்திக் காட்டினார். அடியில் தாய்வாதோடு ஒட்டிக்கொண்டிருக்கிற குட்டிக் கண்ணை எண்ணக்கூடாது. அதற்கு மேலே ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலாவது கண்ணுக்கு மேலே ஒரு விரல் இடம் விட்டு ஒரே அழுத்து. கண்ணுக்கு எதிர்ப்பக்கம் சாய்கிற மாதிரி வெட்டுவாய் இருக்க வேண்டும். வடிகிற தண்ணீர் கண்மேல் இறங்கக்கூடாது. மெலிந்த வாது, பச்சை மாறாத வாது என்றால் ஒன்றோ இரண்டோ கண்தான். "அது இந்தத் தடவ காய்க்காது. வளரட்டும்னு விடுறோம்." வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையும் இதேதான்: பன்னீருக்கு நாலு கண், மெலிந்ததற்கு ஒன்றிரண்டு. அண்ணன் அதைப் படித்தவரில்லை.

ஏன் நாலு என்று கேட்டேன். "மூணுல கொடி வரும், நாலுல கொத்து வரும்" என்றார். அது பாதிதான் சரி என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். கண்ணுக்குள் பூங்கொத்தின் கரு முன்கூட்டியே உருவாகிவிடுகிறது. வாது வளர்கிற காலத்தில் அந்தக் கண்ணுக்குப் போதிய வெயில் கிடைத்திருந்தால் கரு தங்கும். பந்தலில் இலை அடைத்து இருட்டாக இருந்தால் கண் குருடு. வெறும் கொடி மட்டும் வரும். ஆகவே வெட்டுகிற அன்று நாம் தேர்ந்தெடுப்பது போன பருவத்து வெயிலை. பர்கண்டியிலும் கதை இதேதான். அங்கே கண்ணுக்குள் இருப்பது போன வருடத்து ஜூன். இங்கே நாலைந்து மாதத்துக்கு முந்திய வெயில். பிரெஞ்சுக்காரர்களும் மொட்டைக் 'கண்' என்றே சொல்கிறார்கள் என்று தெரிந்தபோது அந்தக் குளிரிலும் ஊர்க்காரரைச் சந்தித்த மாதிரி இருந்தது.

ஆனால் அவர்கள் கண் எண்ணுவதிலிருந்து தொடங்குவதில்லை. முதல் நாள் எனக்குக் கற்றுக் கொடுத்த அம்மாள், கத்திரியை வாங்கித் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, "பார்" என்றார். ஒரு செடிக்கு முன்னால் நிற்க வைத்தார். எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. போன வருடம் எங்கே வெட்டினார்கள், அதற்கு முந்திய வருடம் எங்கே, எந்தப் பக்கத்துப் பட்டை உயிரோடு இருக்கிறது என்றெல்லாம் கட்டையைப் பார்த்தே சொல்லத் தெரிய வேண்டுமாம். அரைமணி நேரம் கத்திரியே இல்லாமல் வரிசை வரிசையாகப் போனோம். கம்பத்தில் இப்படி நின்றால் அண்ணன் "என்ன தம்பி, சாமி கும்பிடுறியா?" என்பார்.

அங்கே வெட்டுக்குக் குய்யோ முறை என்று பெயர். ழூல் குய்யோ என்ற மருத்துவர் 1860-இல் எழுதிய நூலில் பரப்பிய முறை. அவர் கண்டுபிடித்தது என்பதைவிட, பல ஊர்களில் இருந்ததை ஒழுங்குபடுத்தி நாடு முழுக்கக் கொண்டுபோனார் என்பதே சரி. 1872-இல் அவர் இறந்தது போனுக்குப் பக்கத்திலேயே, சாவின்யி என்ற கிராமத்தில். பெயரைக் கேட்டதும் 'குய்யோ முறையோ'தான் நினைவுக்கு வந்தது, முதல் வாரத்து இடுப்புக்கு அது பொருத்தமாகவும் இருந்தது. முறை இது: செடிக்கு இரண்டே வாது. ஒன்று நீளமானது, ஆறேழு கண் விட்டு. இந்த வருடப் பழம் அதில்தான். அதை பகெத் என்பார்கள், கடையில் விற்கிற நீள ரொட்டிக்கும் அதே பெயர். மற்றது இரண்டே கண் உள்ள குட்டைக் கொம்பு. அதில் பழம் முக்கியமில்லை. அடுத்த குளிர்காலத்தில் வெட்டுவதற்கு வாது வேண்டுமே, அதற்காக. மற்றதெல்லாம் கழிக்கப்படும்.

தேர்ந்தெடுக்கிற வரிசையில்தான் நான் சறுக்கினேன். பழம் தரும் நீள வாதைத்தான் முதலில் பார்த்தேன், கம்பத்துப் பழக்கம். குட்டைக் கொம்பைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும் என்றார் அந்த அம்மாள். அடுத்த வருடத்தை முதலில் வை, இந்த வருடம் எங்காவது கிடைக்கும்.

நுனி ஆதிக்கம் என்ற தொல்லை இரண்டு ஊருக்கும் பொது. திராட்சை காட்டில் மரமேறிப் பிழைத்த கொடி. நுனிக் கண் முதலில் விட்டு, கீழே இருப்பதை அடக்கிவிடும். நீள வாதை அப்படியே நிமிர விட்டால் கடைசி இரண்டு கண் மட்டும் துள்ளும், நடுவில் இருப்பவை சும்மா கிடக்கும். பர்கண்டிக்காரர்கள் வாதை வளைக்கிறார்கள். மார்ச் கடைசியில், ஈரமான நாளாகப் பார்த்து, நீள வாதைக் கீழ்க்கம்பியோடு படுக்க வைத்துக் கட்டுவார்கள். உலர்ந்த நாளில் ஒடிந்துவிடும். சரியாக வளைந்தால் 'சடக்' என்று ஒரு சின்னச் சத்தம் உள்ளே கேட்கும். நார் லேசாகப் பிரிகிற சத்தம், பயப்பட வேண்டாம் என்றார்கள். நான் பயந்தேன். மூன்றை ஒடித்தேன்.

கம்பத்தில் வளைக்க என்ன இருக்கிறது, பந்தலில் எல்லாம் ஏற்கெனவே படுத்துத்தான் கிடக்கிறது. அங்கே தொல்லை வேறு ரூபத்தில் வரும். குளிரில் தூங்கி எழுந்த கண்கள் ஒன்றாக விழிக்கும். தூங்காத கண்கள் ஆளுக்கொரு நேரம் விழிக்கும். பாதித் தோட்டம் பூவிலும் பாதி தளிரிலும் நின்றால் பறிப்பு இழுத்துக்கொண்டே போகும். குட்டையாக நாலு கண்ணில் வெட்டுவது இதற்கும் ஒரு வழி. வெப்ப நாட்டுத் தோட்டங்களில் இன்னொரு வழி மருந்து: வெட்டிய கையோடு ஹைட்ரஜன் சயனமைடு கலந்த தண்ணீரைக் கண்களில் தொட்டுத் தடவுவது. மகாராஷ்டிரத்தில் இது பரவலான வழக்கம். தடவியவர் அன்று மது அருந்தினால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ஆளையே சாய்த்துவிடும். உடம்பில் சாராயம் கரையும் வழியை அந்த மருந்து அடைத்துவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கு அனுமதி இல்லை. குளிர் இலவசமாகச் செய்கிற வேலைக்கு நாம் கையுறை மாட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பிரான்சுக்கும் நமக்கும் கொடுக்கல் வாங்கல் ஒன்று நூற்றாண்டுக்கு மேலாக நடக்கிறது. வெட்டுக்குப் பிறகு மாமா தோட்டத்தில் தடவுகிற நீலப் பசை போர்டோ பசை. அடிச்சாம்பல் நோய்க்கு அடிப்பது போர்டோ கலவை. மயில்துத்தமும் சுண்ணாம்பும். மேற்குப் பிரான்சின் போர்டோ வட்டாரத்தில், பாதையோரக் கொடிகளில் வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமல் இருக்க நீலமாக எதையோ பூசி வைத்திருந்தார்கள். அந்தக் கொடிகளுக்கு மட்டும் நோய் தட்டவில்லை என்று கவனித்த மில்லார்தே 1885-இல் அதை மருந்தாக வெளியிட்டார். திருட்டுப் பயத்தில் பிறந்தது சுருளிப்பட்டி வரை வந்திருக்கிறது. கவாத்துக் கத்திரியும் பிரான்சிலிருந்துதான்: பதினாறாம் லூயியிடம் கடற்படை அமைச்சராக இருந்து, புரட்சியில் தலை தப்பி ஓடிய பெர்த்ராந் தெ மோல்வில் செய்தது என்பார்கள். அவர் ஊரில் தலை வெட்டும் எந்திரம் ஓடிய காலம் அது என்பதை நினைத்தால் கொஞ்சம் சிரிப்பு வரும்.

பர்கண்டியிலிருந்து நான் கொண்டுவர விரும்புகிற ஒரு விஷயம் உண்டு. அது கட்டையைப் பற்றியது. பெரிய வெட்டு விழுந்த இடத்தில் கட்டைக்குள் கூம்பு வடிவில் மரம் காய்ந்து இறங்கும். வருடா வருடம் மேலும் கீழுமாக, இடமும் வலமுமாக வெட்டினால் காய்ந்த கூம்புகள் உள்ளே ஒன்றோடொன்று சேர்ந்து சாறு ஓடும் பாதையை அடைத்துவிடும். எஸ்கா என்ற கட்டை நோய் புகுவதற்கு அது வாசல். நன்றாக நிற்கிற கொடி கோடையில் ஒரே வாரத்தில் வாடி விழும். அதற்கு அடித்துக்கொண்டிருந்த சோடியம் ஆர்சனைட் என்ற நஞ்சை 2001-இல் பிரான்ஸ் தடைசெய்தது. மாற்று மருந்து இல்லை. அப்போதுதான் பழைய புத்தகத்தைத் தூசி தட்டினார்கள். கோன்யாக் வட்டாரத்தில் பூஸார் என்ற விவசாயி வெட்டிய முறையை ரெனே லஃபோன் 1921-இல் எழுதி வைத்திருந்தார்: வெட்டுக்காயங்கள் எல்லாம் கொம்பின் மேற்பக்கமே விழ வேண்டும், கீழ்ப்பக்கத்தில் சாறு தடையில்லாமல் ஓட வேண்டும், பழைய மரத்தை வெட்டும்போது ஒட்ட வெட்டாமல் காய்வதற்கு ஒரு துண்டு விட வேண்டும். எண்பது வருடம் யாரும் சீண்டாத அந்தப் பாடத்தை இப்போது குய்யோ-பூஸார் என்ற பெயரில் பள்ளி வைத்துச் சொல்லித் தருகிறார்கள். இத்தாலியின் ஃப்ரியூலி பகுதியிலிருந்து வந்த மார்க்கோ சிமோனித், பியர்பாவ்லோ சிர்க் என்ற இருவர் கவாத்தையே தொழிலாக்கி, பெரிய பெரிய தோட்டங்களுக்குப் போய் வகுப்பெடுக்கிறார்கள்.

கம்பத்தில் கட்டையை யாரும் அண்ணாந்தோ குனிந்தோ பார்ப்பதில்லை. நாங்கள் வெட்டுவதெல்லாம் இளவாது. காயம் சின்னது, அது ஒரு பாதுகாப்பு. ஆனால் வருடத்துக்கு இரண்டு தரம் விழுகிறது. வாது முண்டு முண்டாகி, பந்தலில் நெரிசலானதும் ஒருநாள் அரிவாளால் ஒட்ட அறுத்து எடுப்பார்கள். ஊருக்கு வந்தபோது டார்ச் அடித்து அந்த முண்டுகளை அண்ணனுக்குக் காட்டினேன். சாறு ஓடும் பாதை என்று வரைந்தும் காட்டினேன். கவனமாகக் கேட்டார். "நல்லாத்தான் இருக்கு. ஏக்கர் கணக்குல கூலி பேசிட்டு வந்து ஒவ்வொண்ணா இப்படி நோட்டம் பாத்தா எப்ப முடியும்?" என்றார். அவர் கேள்வியிலும் தவறில்லை.

ஏனென்றால் வெட்டுகிறவருக்கும் தோட்டத்துக்கும் உள்ள உறவே இரண்டு ஊரிலும் வேறு. பர்கண்டியில் ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவர் குறிப்பிட்ட வரிசைகளை எடுத்துக்கொண்டால் கவாத்து, கட்டு, தளிர் கிள்ளு எல்லாம் அவரே. அடுத்த வருடமும் பெரும்பாலும் அதே வரிசை. அவர் தவறு அவரிடமே திரும்பி வரும், ஒரு வருடம் கழித்து. கம்பத்தில் குழு இன்று சுருளிப்பட்டி, நாளை காமயகவுண்டன்பட்டி, மறுநாள் கூடலூர். தவறு பத்தே நாளில் தெரிந்துவிடும், கண் விடாத வாதாக. ஆனால் தெரிவது தோட்டக்காரருக்கு. வெட்டியவருக்குச் செல்போனில் ஒரு வசவாகப் போய்ச் சேரும். பத்து வருடத்தில் அண்ணன் இருபதுக்கு மேல் பருவம் பார்த்துவிடுவார், அந்த அம்மாள் பத்துதான். செடிக் கணக்கில் பார்த்தால் அந்த அம்மாள் முன்னால் போய்விடுவார், ஒரு ஹெக்டேருக்கே பத்தாயிரம் செடி. யார் அதிகம் கற்றவர் என்று எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தோன்றவில்லை. சீக்கிரம் கற்றுக்கொள்ள வேண்டுமானால் கம்பத்துக்குப் போ என்பேன். கற்றதை எழுதி வைக்க பர்கண்டியில்தான் ஆளிருக்கிறது. போனில் 1884-இலிருந்து திராட்சைப் பள்ளி நடக்கிறது. நம் பக்கம் ஆனைமலையன்பட்டியில் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆனால் அண்ணனின் விரல் வழி இறங்குகிற பாடம் அவர் குழுவோடு போய்விடும். குழுவில் ஐம்பது வயதுக்குக் கீழே இப்போது மூன்று பேர்தான்.

கொடி ஏற்றுவதைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, அது பொறுமைக் கணக்கு. கம்பத்தில் நட்ட குச்சியில் ஒரே தளிரை விட்டு, பக்கச் சிம்பையெல்லாம் கிள்ளி, பந்தலுக்கு ஒரு சாண் கீழே நுனியைக் கிள்ளினால் எதிரெதிராக இரண்டு கை பிரியும். அங்கிருந்து பந்தல் நிறையும். பர்கண்டியில் அமெரிக்க வேர்க்குச்சியில் ஒட்டிய நாற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிலாக்ஸரா என்ற வேர்ப்பேன் தோட்டங்களைத் தின்று தீர்த்த பிறகு வேறு வழியில்லை. முதல் வருடம் வளர்ந்ததையெல்லாம் இரண்டு கண்ணுக்கு வெட்டிவிடுவார்கள். மறுவருடமும் பெரும்பாலும் அப்படியே. பார்க்கிற நமக்கு வயிறு எரியும்.

ஒருநாள் மாமா கேட்டார். "அங்க ஒரு கொடிக்கு எம்புட்டு எடுப்பாங்க?" கணக்குப் போட்டேன். பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி பன்னீருக்கு மூன்றுக்கு இரண்டு மீட்டர் இடைவெளி, ஹெக்டேருக்கு 1,666 கொடி, வருடத்துக்கு 30 டன். கொடிக்குப் பதினெட்டுக் கிலோ. பர்கண்டியின் உச்சத் தரச் சிவப்புத் தோட்டங்களுக்குச் சட்டம் அனுமதிப்பது ஹெக்டேருக்கு 35 ஹெக்டோலிட்டர் அளவில். பழமாக நாலரை டன் சுமார். பத்தாயிரம் செடிக்குப் பங்கு போட்டால் அரைக் கிலோவுக்கும் குறைவு. சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "வெட்டுக் கூலிக்கே காணாதேடா" என்றார். ஒரு பாட்டில் என்ன விலை என்று நான் சொல்லவில்லை. அங்கே கத்திரி குறைத்து எடுப்பதற்காக வெட்டுகிறது, இங்கே திரும்பத் திரும்ப எடுப்பதற்காக வெட்டுகிறது. ஒரு செடிக்கு எத்தனை கண் விடலாம் என்பதுவரை சட்டப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிற நாடு அது.

ஜனவரி 22 அங்கே திராட்சைக்காரர்களின் காவல் புனிதர் வின்சென்ட்டின் நாள். நம் பொங்கலுக்கு ஒரு வாரம் கழித்து. அவருடைய கழுதை ஒரு கொடியின் தளிரைத் தின்றதாம், அந்தக் கொடிதான் அடுத்த வருடம் நன்றாகக் காய்த்ததாம். அப்படித்தான் கவாத்து பிறந்தது என்று ஒரு கதை. இரண்டாம் நூற்றாண்டுக் கிரேக்கப் பயணி பவுசானியஸ் நாப்லியா என்ற ஊரில் இதே கழுதைக் கதையை எழுதி வைத்திருக்கிறார், ஆகவே புனிதர் அதைக் கடன் வாங்கியிருக்க வேண்டும். மறுநாள் வெட்டப் போனபோதுதான் என் பெரிய தவறு நடந்தது. கழித்த வாதுகளை வண்டியடுப்பில் போட்டு எரித்துக்கொண்டே வரிசையில் நகர்ந்தோம். புகை கண்ணுக்குள் போயிற்று. ஒரு செடியில், விட வேண்டிய குட்டைக் கொம்பை அடியோடு வெட்டிவிட்டேன். அடுத்த வருடத்துக்கு வாது வர இடமே இல்லை. அந்த அம்மாள் திட்டவில்லை. பையிலிருந்து சிவப்பு நாடா எடுத்து அந்தக் கட்டையில் கட்டினார், அவ்வளவுதான்.

ஜூன் கடைசியில் ஒரு படம் அனுப்பினார். சிவப்பு நாடாவுக்கு ஒரு விரல் கீழே, கிழட்டுக் கட்டையிலிருந்து பச்சையாக ஒரு போத்து எட்டிப் பார்த்தது. போத்தை அங்கே பெருந்தீனிக்காரன் என்று பெயர் சொல்லிக் கிள்ளிப் போடுவார்கள். இதை மட்டும் கிள்ளாமல் விட்டிருக்கிறார். ஜனவரியில் அதை இரண்டு கண்ணுக்கு வெட்டிக் குட்டைக் கொம்பாக்கலாம் என்று எழுதியிருந்தார். படம் வந்தபோது நான் சுருளிப்பட்டியில் இருந்தேன். பொங்கலை ஒட்டி வெட்டிய மாமாவின் தோட்டம் வைகாசியில் பறித்து முடிந்து, மறுபடி இலை உருவிக் கிடந்தது. அண்ணன் குழு கிழக்கு மூலையிலிருந்து வந்துகொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்து முதல் வாதைப் பிடித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.